கோரஸ் முடித்து வைத்த வரிகள்

அந்த ஆல்பத்தை முதல் தடவை கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. ஏமாற்றம் என்று கொஞ்சம் மரியாதையாகச் சொல்லலாம்தான். ஆனால் வந்தது கோபம். 2009-ல் ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, போன கரண்ட் அப்போதுதான் திரும்பி வந்திருந்தது. என் தம்பி சி.டி.யை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தான். நான் மீன் அலசிக்கொண்டிருந்தேன். சோப்புப் போட்டுக் கையைக் கழுவினால்தான் தொடவிடுவேன் என்றான். கழுவிவிட்டு வந்து பார்த்தேன். அட்டையில் ஏழெட்டுப் பேர் வாடகைக் கோட்டு மாட்டிக்கொண்டு, கடலூர் பீச்சு மணலில் ஷூவோடு நின்றார்கள்.

அது கடலூர் முதுநகரைச் சேர்ந்த பாட்டுக் கச்சேரிக் குழு. திருவிழாக்களிலும் கல்யாண வரவேற்புகளிலும் சினிமாப் பாட்டு பாடுகிறவர்கள். கீபோர்டு வாசிக்கிற மாஸ்டர்தான் தலைவர். அவருக்குச் சொந்தமாக மெட்டுப் போடும் கிறுக்கு உண்டு. ஒவ்வொரு கச்சேரியிலும் நடுவே ஒரு சொந்தப் பாட்டை நுழைத்துவிடுவார். “அடுத்து எங்கள் சொந்தப் பாடல்” என்று மைக்கில் சொன்னதும் பாதிக் கூட்டம் டீ குடிக்க எழுந்து போய்விடும். எழுந்து போகாத பாதியில் நானும் தம்பியும் கட்டாயம் இருப்போம். சிதம்பரத்திலிருந்து புவனகிரி, பெண்ணாடம் என்று அவர்கள் போகிற ஊருக்கெல்லாம் தம்பி தன் கூட்டாளிகளோடு பைக்கில் போவான். பக்கத்து ஊர் என்றால் நானும் பின்னால் ஏறிக்கொள்வேன். கல்யாணம் ஆகாத இருபத்தாறு வயதுப் பெண் இப்படிச் சுற்றுவதைப் பற்றி எங்கள் தெருவுக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. எனக்கும் தெருவைப் பற்றி ஒன்று இருந்தது.

நாங்கள் போனது அந்தக் குழுவின் பாடகருக்காக. நாற்பதைத் தொட்ட மனிதர், பகலில் மோட்டார் ரீவைண்டிங் கடையில் வேலை. மைக்கைப் பிடித்தால் வரியின் கடைசி எழுத்தை விடவே மாட்டார். இழுத்துக்கொண்டே மேலே போவார். முன்வரிசைப் பிள்ளைகள் ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணுவார்கள். அவர் அவர்களைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டே இன்னும் இழுப்பார். கீழே இறங்கும்போது லேசாகச் சிரிப்பார். அந்தச் சிரிப்பும் பாட்டோடு சேர்ந்தே வரும். எனக்கு உயிர் அது.

ஆல்பத்தில் அது இல்லை. எட்டுப் பாட்டிலும் வரியின் முக்கால் பங்கை அவர் பாடுகிறார். கடைசிக் கால் பங்கைக் கோரஸ் பாடுகிற பெண் குரல் வாங்கிக்கொள்கிறது. அந்தக் கோரஸ் அவருடைய மனைவிதான். கச்சேரிகளில் மேடையின் ஓரத்தில் நின்று ஆ, ஓ என்று கூடப் பாடுகிறவர். நல்ல குரல்தான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் யார் கேட்டார்கள் அதை? சோற்றைப் பிசைந்து வாய்வரை கொண்டுவந்து வேறு ஆள் சாப்பிட்ட மாதிரி இருந்தது. புகழ் வந்ததும் சோம்பேறித்தனமும் வந்துவிட்டது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு மறுபடி மீன் அலசப் போனேன்.

அதோடு விட்டிருப்பேன். பஸ் விடவில்லை. நான் கடலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியன். தினமும் சிதம்பரத்திலிருந்து போகிற தனியார் பஸ்ஸின் டிரைவரும் எங்களைப் போலவே ஒரு பைத்தியம். காலையும் மாலையும் அதே சி.டி. வேறு வழியில்லாமல் கேட்டுக் கேட்டு எனக்கு அது பிடிக்க ஆரம்பித்தது. மனைவி குரல் வந்து சேரும் இடத்தில் மாஸ்டர் தபலாவை நிறுத்தியிருந்த அழகு மூன்றாம் நாள்தான் காதில் விழுந்தது. ஐந்தாவது பாட்டு ஒரு கல்யாணப் பாட்டு. அதில் இரண்டு குரலும் ஒன்றை ஒன்று தாங்கிக்கொண்டு போனது எனக்குப் பிடித்தே விட்டது. சோம்பேறித்தனம் இல்லை, இது புதுப் பாணி என்று தீர்ப்பை மாற்றிக்கொண்டேன். தம்பியிடமும் சொன்னேன்.

அவன் முகத்தைச் சுளித்தான். அவனும் கூட்டாளிகளும் வேறு ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். ஆல்பத்தில் பாடுவது அவரே இல்லை, டூப்பு. சென்னையிலிருந்து யாரோ ஓர் ஆளைப் பாடவைத்து, நம் ஆளின் படத்தை அட்டையில் போட்டு ஏமாற்றுகிறார்கள். அதற்கு ஆதாரமும் வைத்திருந்தான். மாசி மகத்துக் கச்சேரியில் அவர் பாடிய படகுப் பாட்டைத் தன் சைனா போனில் பதிவு செய்திருந்தான். அதே பாட்டு ஆல்பத்தில் முதல் பாட்டு. போனையும் சி.டி.யையும் மாற்றி மாற்றி ஓடவிட்டான். ஆல்பத்தில் பாட்டின் சுருதி இரண்டு கட்டை கீழே இருந்தது.

எனக்கு அது டூப்பாகப் படவில்லை. சிரிக்கிற இடத்தில் அவர் சிரிப்புத்தான் இருந்தது. ஆனால் இரண்டு கட்டை எதற்காக இறக்க வேண்டும்? அந்தக் கேள்வி ஒட்டிக்கொண்டது.

பதில் பஸ் போகிற வழியில், குடிகாட்டில் கிடைத்தது. கெமிக்கல் கம்பெனிகளின் நெடி வரும் என்பதால் அந்த இடம் வந்ததும் பஸ்ஸில் எல்லாரும் ஷட்டரை இறக்கிவிடுவார்கள். காற்றின் இரைச்சல் நின்றுவிடும், மூக்கை மூடியிருப்பதால் பேச்சும் நின்றுவிடும். அந்தச் சில நிமிஷம்தான் பாட்டு ஒழுங்காகக் கேட்கும். அன்று காலை ஆறாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சரணம் மேலே ஏறும் முன்னால் அவர் எதையோ விழுங்கினார். மூச்சு எடுக்கும் சத்தம் இல்லை, தொண்டையில் எதையோ தள்ளிவிட்டுப் பாடுகிற சத்தம். அடுத்த வரியிலும் அதே. வரியின் முடிவில் குரல் கரகரத்து உடையப் போகிற இடத்தில் சரியாக மனைவி குரல் வந்து மூடிவிட்டது. நான் ஜன்னலோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பாணியும் இல்லை, டூப்பும் இல்லை. இந்த ஆளுக்குத் தொண்டை போய்க்கொண்டிருக்கிறது, அவர்கள் அதை எட்டுப் பாட்டிலும் மறைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

எங்கள் லேபுக்கு மேல்மாடியில் காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவர் இருந்தார். சாப்பாட்டு நேரத்தில் போய்ப் பொதுவாகக் கேட்கிற மாதிரி கேட்டேன். குரல் கம்மி மூன்று வாரத்துக்கு மேல் சரியாகவில்லை என்றால் உள்ளே கேமரா விட்டுப் பார்த்தே ஆக வேண்டும், சளி என்று உட்கார்ந்திருக்கக் கூடாது என்றார். உனக்கா என்று கேட்டார். இல்லை, வேண்டியவர் ஒருவருக்கு என்றேன். ஆல்பத்தை எத்தனை மாதம் பதிவு செய்தார்களோ எனக்குத் தெரியாது. ஆனால் மூன்று வாரத்தைவிட ஜாஸ்தி என்பது நிச்சயம்.

சாயங்காலமே முதுநகரில் இறங்கினேன். சைக்கிள் கடைக்கு மேலே இருந்தது அவர்கள் பயிற்சி அறை. பாடகர் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. மாஸ்டரும் பாடகரின் மனைவியும் இருந்தார்கள். நான் யார் என்று சொல்லி, கேட்டதைக் கேட்டபடி சொன்னேன். மாஸ்டர் மறுக்கவில்லை. உடம்புச் சூடுதான் தொண்டையைப் பிடித்திருக்கிறது, ஆவணி முழுக்கக் கல்யாணக் கச்சேரி ஒப்புக்கொண்டாகிவிட்டது, ஆவணி முடிந்ததும் நானே புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகிறேன் என்றார். அந்த அம்மாள் பிளாஸ்க்கில் மிளகுப்பால் ஊற்றி மூடிக்கொண்டிருந்தார். பனங்கற்கண்டும் மிளகும் விடாமல் கொடுத்து வருவதாகச் சொன்னார். என் முகத்தை ஒரு தடவை பார்த்தார், அப்புறம் பார்க்கவில்லை. பயந்திருக்கிறார் என்று அப்போதே தெரிந்தது. பயத்துக்குப் பாலைக் காய்ச்சினால் ஆகுமா என்று கேட்க நாக்கு வரை வந்தது. அடக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் சிரித்தான்.

“லேப்ல ரத்தத்த பாத்துப் பாத்து ஒனக்கு எல்லாரும் பேஷண்டாவே தெரியறாங்க.”

அப்புறம் அவர்களுடைய திட்டத்தைச் சொன்னான். ஆவணியில் அவன் கூட்டாளி ஒருவனுக்குச் சிதம்பரத்தில் கல்யாணம். வரவேற்புக்கு இந்தக் குழுதான். படகுப் பாட்டை மாசி மகத்தில் பாடிய அதே கட்டையில் பாடச் சொல்லிச் சீட்டு எழுதப் போகிறார்கள். பாடினால் ஆல்பத்தில் இருப்பது டூப்பு என்று ருசுவாகிவிடும். மாஸ்டரை அங்கேயே நாலு கேள்வி கேட்பார்கள். பாட முடியாவிட்டால் என்று நான் கேட்டேன். அவர் பாடாமல் யார் பாடுவது என்றான். அவனுக்கு அவர்மேல் அவ்வளவு நம்பிக்கை. அதை வைத்துத்தான் அவரைக் கொல்லப் பார்த்தான்.

சீட்டு என்பதைக் கொஞ்சம் சொல்லவேண்டும். வரவேற்பில் கூட்டத்திலிருந்து விருப்பப் பாட்டை எழுதி மேடைக்கு அனுப்புவார்கள். பிடித்தால் பாடுவார்கள், முடியாததை மாஸ்டர் கீபோர்டுக்கு அடியில் சொருகிவிடுவார். ஆனால் மாப்பிள்ளையின் தாய்மாமன் பேரில் வருகிற சீட்டை அப்படிச் செய்ய முடியாது. அதை மைக்கில் வாசித்து, கேட்டதைக் கேட்டபடி பாட வேண்டும். மறுத்தால் தாய்மாமனை அவமதித்ததாகிப் பந்தியில் அடிதடி வரை போகும். அந்தக் குழு அதில் ரொம்பக் கவனம். தம்பி நேராகத் தாய்மாமனையே பிடித்துவிட்டான். பெண்ணாடத்துச் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவர். பாட்டுக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. மரியாதை செய்கிறார்கள் என்று மகிழ்ந்து ஒப்புக்கொண்டார்.

அன்று சாயங்காலம் மண்டபத்தில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கச்சேரி தொடங்கி முதல் ஐந்தாறு பாட்டை அவர் எப்படியோ ஓட்டினார். எல்லாம் கீழ் ஸ்தாயி. வரி முடிகிற இடமெல்லாம் மனைவி. கழுத்தில் சால்வை போட்டிருந்தார். ஆவணிப் புழுக்கத்தில் சால்வை எதற்கு என்று யாருமே கேட்கவில்லை, அழகாக இருக்கிறது என்றார்கள். நான் மேடைப் படி அருகே போய் நின்று மாஸ்டரிடம் சீட்டு வரப்போகிறது, வாங்காதீர்கள் என்று சைகை காட்டினேன். அவருக்குப் புரியவில்லை. நானும் ஏதோ பாட்டுக் கேட்கிறேன் என்று நினைத்துத் தலையாட்டினார்.

தாய்மாமன் பட்டு வேட்டியோடு தானே மேடை ஏறிச் சீட்டைப் பாடகர் கையில் கொடுத்துவிட்டார். பாடகர் வழக்கப்படி அதை மைக்கில் வாசித்தார். வாசித்து முடித்ததும் மாஸ்டரைப் பார்த்து விரலைக் கீழே காட்டினார். கட்டையை இறக்கு என்று அர்த்தம். அதற்காகவே காத்திருந்த தம்பியின் கூட்டம் விசிலடித்தது. மாசி மகக் கட்டை, மாசி மகக் கட்டை என்று கத்தியது. தாய்மாமனும் ஒன்றும் புரியாமல் ஆமாம், ஆமாம் என்று சேர்ந்துகொண்டார். மாஸ்டர் கீபோர்டில் பழைய கட்டைக்கே மாற்றினார். அந்த அம்மாள் தன் மைக்கை வாயருகே கொண்டுபோனார். கோரஸ் வேணாம் என்று கீழிருந்து குரல் வந்தது. அது என் தம்பியின் குரல். அந்த அம்மாள் கணவரைப் பார்த்துவிட்டு மைக்கைக் கீழே இறக்கினார்.

பல்லவியைப் பாடிவிட்டார். எனக்கே ஒரு நிமிஷம் நம்பிக்கை வந்துவிட்டது. சரணத்தில் முதல் வரி, இரண்டாவது வரி. மூன்றாவது வரி மேலே ஏற வேண்டும். முன்வரிசைப் பிள்ளைகள் எண்ணுவதற்குத் தயாராக வாயைத் திறந்தார்கள். அவரும் வாயைத் திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது, கண் மேலே போனது. சத்தம் வரவில்லை. காற்றுகூட வரவில்லை. தபலாவும் கீபோர்டும் மட்டும் போய்க்கொண்டிருந்தன.

மண்டபம் முழுக்க ஒரே முடிவுக்கு வந்தது. மைக் போய்விட்டது. எல்லாரும் மைக்செட்டுக்காரரைத் திட்ட ஆரம்பித்தார்கள். அவர் ஒயரைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். பாடகரும் மைக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார், பழுது என்று கையால் காட்டினார். தம்பிகூட மைக்செட்டுக்காரரைத்தான் திட்டிக்கொண்டிருந்தான். அத்தனை பேர் சேர்ந்து அவரைக் காப்பாற்றியது எனக்குத் தாங்கவில்லை. இன்று தப்பித்தால் நாளை புவனகிரியில் பாடுவார், அதற்கடுத்த நாள் வேறு எங்கோ. படியில் ஏறிவிட்டேன். அவரிடம்தான் சொன்னேன், ஆனால் அவர் கையில் இருந்த மைக் அதை மண்டபத்துக்கே சொல்லிவிட்டது.

“மைக் நல்லாத்தான்ணே இருக்கு.”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் வெறுப்பு இருந்தது. அந்தக் கண்கள் அதுவரை எங்கள் பக்கம் கண்ணடிக்கத்தான் திரும்பியிருந்தன. மனைவி ஓடிவந்து அவர் கையிலிருந்து மைக்கை வாங்கி சுவிட்சை அணைத்தார். அப்புறம் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு எல்லார் முன்னாலும் அழுதார். கச்சேரி அதோடு முடிந்தது. கல்யாண வீட்டில் அபசகுனம் செய்துவிட்டதாக என்னை எல்லாரும் திட்டினார்கள். தம்பி பைக்கைக் கிளப்பினான். பாதி வழியில் நிறுத்தி, நெசமாவாக்கா என்று கேட்டான்.

மூன்றாம் நாளே புதுச்சேரியில் கேமரா விட்டுப் பார்த்தார்கள். சதை எடுத்துச் சோதித்தார்கள். புற்றுதான். இப்போதே குரல்வளையை எடுத்துவிட்டால் ஆள் பிழைத்துவிடுவார், தள்ளிப்போட்டால் சொல்ல முடியாது என்றார்கள். எடுத்தால் பாட்டு மட்டுமல்ல, பேச்சும் போய்விடும். அவர் மாட்டேன் என்றுவிட்டார். சாகிறவரை பாடிவிட்டுச் சாகிறேன் என்றாராம். இதையெல்லாம் சொன்னது அந்த அம்மாள். விசாரித்துக்கொண்டு லேபுக்கே வந்துவிட்டார். மாஸ்டர் சொல்லியாயிற்று, அண்ணன் தம்பிகள் சொல்லியாயிற்று, யார் சொல்லியும் கேட்கவில்லை. மண்டபத்தில் சொன்ன நீயே வந்து சொல் என்று கையைப் பிடித்துக்கொண்டார். கணவரின் வரிகளை முடித்து வைத்த குரல் அது. லீவு சொல்லிவிட்டு அவரோடு பஸ் ஏறினேன்.

ஆஸ்பத்திரி வார்டில் அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. திட்டுவார் என்று நினைத்தேன். உட்காரச் சொன்னார். குரல் சருகு மாதிரி இருந்தது, காதைக் கிட்டே கொண்டுபோனால்தான் கேட்டது.

“நீ ரசிகைதான? நீயே சொல்லு. பாட்டு போயிட்டா என்ன வந்து பாப்பியா?”

பாப்பேன் என்று சொல்லியிருக்கலாம். அந்த அம்மாள் அதைத்தான் எதிர்பார்த்தார். எனக்குப் பொய் சொல்ல வராது என்பதில்லை, லேபுக்கு லீவு சொன்னதே பொய்தான். ஆனால் கேட்ட அந்த ஆளிடம் என்னால் முடியவில்லை.

“பாக்க மாட்டேன்ணே. என்னால தாங்க முடியாது. ஆனா அக்கா பாக்கும். தெனம் பாக்கும்.”

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாள் தலைகுனிந்து கட்டிலின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பார்த்தவர் பார்த்தபடியே இருந்தார். பக்கத்துக் கட்டிலுக்கு மருந்து கொடுக்க வந்த நர்ஸ் கொடுத்துவிட்டுப் போயும்விட்டார். அதற்கப்புறம்தான் மனைவி பக்கம் சரி என்று தலையை ஆட்டினார்.

அடுத்த வாரம் ஆபரேஷன் செய்தார்கள். நல்லபடியாக முடிந்தது. அந்த ஆல்பத்தை இப்போதும் கேட்கிறேன். அவர் விடுகிற இடத்துக்கும் அவர் மனைவி எடுக்கிற இடத்துக்கும் நடுவில் ஒரு நூல் அளவுகூட இடைவெளி இல்லை. அவர் எங்கே உடைவார் என்று அந்த அம்மாளுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. எட்டுப் பாட்டிலும் உசத்தி அதுதான். அதைக் கேட்டு நான் கோபப்பட்டேன் என்பதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது, பின்னாலேயே அழுகையும் வருகிறது.

அவர் இன்றைக்கும் நன்றாக இருக்கிறார். தம்பி அடிக்கடி போய்ப் பார்க்கிறான். என்னை அழைப்பான், ஒவ்வொரு தடவையும் ஏதாவது சாக்குச் சொல்வேன். அவரிடம் சொன்ன சொல்லைத்தான் காப்பாற்றுகிறேன் என்று தேற்றிக்கொள்வதும் உண்டு. அந்தக் குரலில் நான் கடைசியாகக் கேட்டது பாட்டு இல்லை. தலையை ஆட்டிய பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டு அவர் மனைவியிடம் சொன்னதுதான்.

“மழ வர்ற மாதிரி இருக்கு. அந்தப் பொண்ண பஸ் ஏத்தி வுட்டுட்டு வா.”